குளிர்காலப் பத்தியம்

டப்ளினில் குளிர் தொடங்கினால் ப்ரியம்வதாவின் கால்கள் ஐஸாகிவிடும். சீன வைத்தியம் பார்க்கும் பெண்மணி நாடி பிடித்துப் பார்த்து, குளிர்காலம் முடியும்வரை வெயில் வந்த பிறகே எழ வேண்டும், கறுப்பு எள்ளும் வால்நட்டும் அரைத்த கஞ்சியைச் சூடாகக் குடிக்க வேண்டும், ஆறியது எதையும் தொடக் கூடாது என்றாள்.

வைத்தியம் அவளுக்கு. பிடித்துப்போனதோ கூட வந்த கணவன் முகுந்துக்கு. "நாம எல்லாருமே ஃபாலோ பண்ணலாம்" என்றான்.

மறுநாள் முதல் அவள் இருட்டிலேயே எழுந்து எள் வறுத்தாள். வெயில் வந்தபின் முகுந்தும் பிள்ளைகளும் எழுந்து ஆவி பறக்கக் குடித்தார்கள். பிள்ளைகளை ஸ்கூலில் விட்டு வந்து, ஆறிப்போன மிச்சத்தை அவள் நின்றபடியே வழித்துக் குடித்தாள்.

பொங்கலுக்குள் முகுந்தின் முகத்தில் களை வந்துவிட்டது. படுக்கையில் அவள் கால் பட்டதும் விலகிக்கொண்டான்.

"இன்னும் ஜில்லுன்னுதான் இருக்கு. நீ ஒழுங்கா பத்தியம் இருக்கியா?"