வலது பக்கத்து ஏர் ஃபில்டர்

1

இந்தக் கதை எனக்கு என் ஆங்கிலத்தால் கிடைத்தது. திண்டிவனத்தில் எங்கள் தெருவில் 'டீச்சர்' என்றால் ஆங்கிலம் தெரிந்தவள் என்று பொருள். கதை எழுதுகிறவள் என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தச் சனிக்கிழமை காலை கலைப்பிரியா என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

"அக்கா, யூடியூப்ல ஒரு வீடியோ. அந்தாளு பேசற இங்கிலீஷ் ஒண்ணும் புரியல. நீங்க போன புடிச்சிக்கினு என்னா சொல்றான்னு மட்டும் சொல்லுங்க. எனக்குக் கை பூரா அழுக்காயிடும்."

பக்கத்து வீட்டுப் பெண் உதவி கேட்கிறாள், போனேன். கதைக்காகப் போகவில்லை. (பொய். பாதி கதைக்காகத்தான்.)

கலைப்பிரியா விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வேலைக்கு ரயிலில் போய் வருவாள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கார் வைத்திருக்கிறாள். புதுச்சேரியில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சாதாரணக் காருக்கு ஒரு ஏர் ஃபில்டர் என்றால் இதற்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. எஞ்சின் அவ்வளவு காற்றுக் குடிக்குமாம். இரண்டையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவதுதான் அன்றைய வேலை. மொத்தக் கதையும் அதுதான். ஏமாற்றமாக இருந்தால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சில ஆரம்பங்கள் வீணாயின.

காலைச் சூரியன் சிவப்பு பானெட்டின் மீது தன் பொன்—

அன்று மேகமூட்டம்.

வேகம் என்பது நவீன மனிதனின் ஆழ்மனதில்—

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

சரியான ஆரம்பம் ஒரு மினி பஸ். அது நிஜமாகவே நடந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரம் போகும் வழியில் கலைப்பிரியாவின் காரை ஒரு மினி பஸ் முந்தியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் வெற்றிலை துப்ப எட்டிப் பார்த்தவர், காரைக் கண்டதும் பரிதாபப்பட்டு, துப்பாமலேயே தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கலைப்பிரியா மிதித்துப் பார்த்தாள். கார் முனகியதே தவிர எழும்பவில்லை.

சென்னை மெக்கானிக் சத்தத்தைப் போனிலேயே கேட்டுவிட்டு, "டர்போ போயிருக்கும், அடுத்த மாசம் எடுத்துக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டான். போட்டியோ இந்த ஞாயிறு. சென்னைக்குப் பக்கத்தில் பந்தயத் தடம். ஒவ்வொருவராக ஓட்டி நேரம் பார்ப்பார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பெயர் கொடுத்திருந்தாள்.

"கடைசியா ஃபில்டர மாத்திப் பாத்துடறேன்க்கா. சரியாவலன்னா போன் பண்ணி நான் வரலன்னு சொல்லிட்டு, காரையும் வித்துடறேன். ஒருவேள காரு நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் ஓட்டத் தெரியலயோ என்னமோ." கடைசி வாக்கியத்தை அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

3

அவளுடைய அப்பாவை எழுதுவதில் எனக்குச் சிரமம் இருந்தது.

அவர் பெயர் விருத்தாசலம். நெடுஞ்சாலையில் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறார். விபத்தில் நொறுங்கிய வண்டிகளைக் கொக்கி போட்டுத் தூக்கி இழுத்து வரும் வண்டி. விக்கிரவாண்டிக்கும் ஓலக்கூருக்கும் நடுவில் எது கவிழ்ந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். முதல் வரைவில் அவரைப் பெண்பிள்ளைக்கு எதற்குக் கார் என்று கத்துகிற அப்பாவாக எழுதினேன். மீசைகூட வைத்தேன். நிஜத்தில் அவருக்கு மீசை கிடையாது. மகளுக்குக் கியர் போடக் கற்றுக்கொடுத்ததே அந்த ரெக்கவரி வண்டியில்தான். கார் வாங்கிய அன்று பூசணிக்காய் உடைத்ததும் அவர்தான். ஒருநாளும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை.

எதிர்க்காத அப்பாவை வைத்துக்கொண்டு கதையை எப்படி நகர்த்துவது? அவர் மேல் சொல்வதற்கு ஒரே ஒரு குற்றம்தான் அகப்பட்டது: நிலத்தில் விளைந்த மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்) மூட்டைகளைக் கொண்டுவந்து கார் ஷெட்டில் அடுக்கி வைத்திருந்தார்.

4

பானெட்டைத் திறந்தோம். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஃபில்டர். வீடியோக்காரன் மூடியின் திருகாணிகளை மிக மென்மையாகக் கையாளச் சொன்னான்.

"பூ மாதிரி கழட்டணுமாம்" என்று மொழிபெயர்த்தேன்.

கலைப்பிரியா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தாள்.

இடது பெட்டி திறந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினோம். எலிக்கூடு. மல்லாட்டைத் தோல், சாக்கு நார், பஞ்சு, ஒரு பிஸ்கட் உறையின் பாதி. எலி வீட்டில் இல்லை.

"இந்த மனுசன் மூட்டைய இங்க அடுக்காதன்னா கேட்டாத்தான!" என்று கத்தினாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேக்குவம் கிளீனரால் எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, புது ஃபில்டரை வைத்து மூடினாள். "டர்போவும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. எலி! ஒரு எலிக்காக நான் காரையே விக்கப் பாத்தேன்!"

(இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் இதை 'நகைச்சுவை' என்ற தலைப்பின் கீழ் போட்டிருப்பார்கள். எனக்கும் அது சம்மதம்தான். ஆனால் இன்னொரு பெட்டி இருந்தது.)

வலது பெட்டியில் எலி இல்லை. ஃபில்டருக்கு முன்னால், காற்று நுழையும் பக்கத்தில், ஒரு துணி இருந்தது. நீலக் கட்டம் போட்ட லுங்கியில் பாதி. நாலாக மடித்து, ஓரங்கள் ஒட்டி, இஸ்திரி போட்டதைப் போல வைக்கப்பட்டிருந்தது.

வீடியோக்காரன் மட்டும் பேசிக்கொண்டே இருந்தான். நான் அவனை நிறுத்தினேன்.

"எலி கடிக்கும், இழுக்கும், கூடு கட்டும்" என்றாள் கலைப்பிரியா மெதுவாக. "மடிச்சி வெக்காதுக்கா."

5

விருத்தாசலம் சாப்பிட வந்த நேரத்தில் அவள் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஷெட் வாசலில் நின்றாள். அவர் துணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் துணியைப் பார்த்தார்.

"ஃபில்டருக்கு முன்னாடிதாம்மா வெச்சேன்" என்றார். "பின்னாடி வெச்சா எஞ்சினு போயிடும். அது எனக்குத் தெரியாதா?"

இவ்வளவு பொறுப்பான நாசவேலையை நான் எங்கும் படித்ததில்லை.

"ஏம்ப்பா?"

அவர் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். "ஓலக்கூர் கிட்ட ஒரு காரு இழுத்தேன். இதே மாதிரி. இதே செவப்பு. லாரிக்கு அடியில பூந்துக்கினு கெடந்துச்சி. அன்னிக்கு ஞாயித்துக்கெழம. நீயும் வண்டிய எடுத்துக்கினு போயிருந்த. போன் போட்டா எடுக்கல. நம்பர் பிளேட்டு மடங்கிப் போச்சி. அத நிமித்திப் பாக்கற வரைக்கும்..."

முடிக்கவில்லை. நானும் அந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே என்கிட்ட."

"சொன்னா நீ ஓட்டறத நிறுத்திடுவ. நிறுத்த வேணாம். கொஞ்சம் மெதுவா போனா போதும்னு நெனச்சேன்."

கலைப்பிரியாவின் முகம் இறுகியது. "எனக்கு ஓட்டத் தெரியலன்னு நெனச்சிக்கினு இருந்தேம்ப்பா. மெக்கானிக்கு டர்போன்றான், நான் என்மேலதான் கோளாறுன்னு நெனச்சேன். உன்னாண்டயே வந்து எத்தினி வாட்டி கேட்டேன், நான் ஒழுங்காத்தான மிதிக்கறேன்னு? நீயும் ஆமான்னு தலைய ஆட்டிக்கினு இருந்த!"



6

இதற்குப் பிறகு என்ன நடக்கலாம் என்று நான் எழுதிப் பார்த்தவை:

அவள் அழுதாள், அவரும் அழு— (இல்லை. இருவரும் அழவில்லை.)

அவள் சாவியை அவர் காலடியில் வீசி— (சாவி அப்போது என்னிடம் இருந்தது.)

நடந்தது இது. அவள் மிச்சமிருந்த புது ஃபில்டரை அவரிடம் நீட்டினாள். "நீதான அடைச்ச. நீயே மாட்டு."

அவர் எழுந்து வந்து மாட்டினார். மூடியை வைத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். அவள் கைகட்டி நின்று பார்த்தாள். பிறகு சாவியை வாங்கி எஞ்சினைக் கிளப்பி, ஒரு மிதி மிதித்தாள். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து வீட்டுக்காரராகிய எலி வெளிப்பட்டு, எங்கள் மூவரையும் கடந்து தெருவுக்கு ஓடியது.

"நாளைக்குப் போவேன்" என்றாள்.

"போ. நானும் வர்றேன்."

"கார்லயா?"

"என் வண்டியில. பின்னாடி."

7

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னை சாலையில் போனவர்கள் அதிசயமான ஒரு ஊர்வலத்தைப் பார்த்திருப்பார்கள். முன்னால் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், லாரி வேகத்தில். பின்னால் கொக்கி ஆட, மஞ்சள் விளக்கு சுழல, ஒரு ரெக்கவரி வண்டி. அதில் விருத்தாசலமும் நானும். பார்த்தவர்கள் கார் ரிப்பேர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஓலக்கூர் பக்கம் ஓரிடத்தில் அவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. அதைக் கடந்து கொஞ்ச தூரம் போனதும், மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கும்படி என்னிடம் சொன்னார்.

"ஏம்மா இப்பிடி ஊர்ந்துக்கினு போற? காத்து வர்லியா வண்டிக்கு?"

"நீ பின்னாடி வர்றல்லப்பா. உன் வண்டி ஓடாதே."

"எனக்கு வழி தெரியும். டீச்சர் இருக்காங்க. பின்னாடி லாரிக்காரனுங்க ஆரன் அடிச்சிக் கொல்றானுங்க. நீ மிதிச்சிப் போ."

"நெஜமாவாப்பா?"

"ஜல்தி போ. நான் மனசு மாறதுக்குள்ள."

அடுத்த கணம் முன்னால் இருந்த கார் இல்லை. அந்தச் சத்தம் எங்களுக்கு வந்து சேர்ந்தபோது அது தூரத்தில் ஒரு சிவப்புப் பொட்டாகியிருந்தது.

போட்டியில் என்ன ஆயிற்று என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. முதலாவதாக வந்தாள் என்று வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம். கடைசியாக வந்து சிரித்தாள் என்பதும் நல்ல முடிவுதான். நான் இந்த வண்டியை விட்டு இறங்கப்போவதில்லை. இங்கே விருத்தாசலம் ஸ்டியரிங் மேல் நெஞ்சு படும்படி முன்னால் சாய்ந்து, கண்ணாடியைப் புறங்கையால் துடைத்துவிட்டுக் கேட்கிறார்:

"டீச்சர், எனக்குக் கண்ணு எட்டல. உங்களுக்குத் தெரியுதா அவ?"

எனக்கும் தெரியவில்லை. நீங்கள் கொஞ்சம் முன்னால் இருக்கிறீர்கள். பார்த்துச் சொல்லுங்கள்.