மாதிரிக் கட்டுரை

துஷாந்தினி யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் தாதியாக இருந்தவள். புலம்பெயர்ந்து வந்து, இங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கத் தொடங்கி நாலு வருடம். ஒட்டாவாவில் ஒரு முதியோர் இல்லம் அவளைத் தாதியாக எடுக்கச் சம்மதித்திருந்தது. ஒரே நிபந்தனை: மார்ச் முடிவதற்குள் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு வேண்டும்.

ஞாயிறு காலைகளில் பஸ் பிடித்து சென்ட் லோரன்ட் போனாள். கிருபானந்தன் மாஸ்டர் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் வகுப்பு வைத்திருந்தார். பதினொரு பேர். ஊரில் டியூட்டரி வைத்துத் தனியார் வகுப்பு நடத்தியவர். இங்கும் அதே முறைதான். பலகையை நடுவே கோடு போட்டுப் பிரிப்பார். ஒரு பக்கம் பின்னால் ‘இங்’ கேட்கும் ஆங்கில வினைகள். மறுபக்கம் ‘டூ’ கேட்பவை.

“என்ஜோய்?”

“இங்!”

“டிசைட்?”

“டூ!”

“ஏனெண்டு கேக்கக்கூடாது. வெள்ளைக்காரனுக்கும் தெரியாது. பாடமாக்குங்கோ.”

“என்ரை மனிசியும் உப்பிடித்தான் மாஸ்டர். ஏனெண்டு கேக்கேலாது,” என்றான் டிலக்ஷன். பண்டசாலையில் பெட்டி அடுக்குபவன். வகுப்பு சிரித்தது.

“ஸ்டொப்தான் பொல்லாதவன்,” என்றார் மாஸ்டர். “ரெண்டு பக்கமும் நிப்பான். இங் போட்டால் செய்யிறதை விடுறது. டூ போட்டால் இன்னொண்டைச் செய்ய நிக்கிறது. வாழ்க்கையை மாத்தின ஒரு நிமிசம் எண்டு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வாங்கோ. ரெண்டும் வரவேணும்.”

துஷாந்தினி பஸ்ஸிலேயே எழுதினாள். இரண்டாயிரத்து ஒன்பது, மே. சனத்தோடு சனமாக அவளும் அண்ணனும் நடந்தார்கள். அண்ணனின் செருப்பு வார் அறுந்தது. கட்ட நின்றான். அவள் நடப்பதை நிறுத்தவில்லை. இருபது அடி போயிருப்பாள். ஷெல் விழுந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தாள். பிறகு மறுபடி நடந்தாள்.

மாஸ்டரின் சிவப்புப் பேனா ஓரிடத்திலும் தொடவில்லை.

“உம்மடை அண்ணையோ, பிள்ளை?”

“ஓம் மாஸ்டர்.”

பேனாவை மூடினார். பிறகு, “ரெண்டு ஸ்டொப்பும் சரி,” என்றார்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு வேலை. அன்று மாஸ்டர் அந்தக் கட்டுரையைப் பெயரில்லாமல் பத்துப் பிரதி எடுத்தார். நல்ல கட்டுரை கிடைத்தால் ஊரில் அதுதான் வழக்கம். எல்லோரும் பாடமாக்கினார்கள்.

பெப்ரவரியில் டவுன்டவுனில் பரீட்சை. தலைப்பு ஏறக்குறைய அதேதான். துஷாந்தினி தன் கட்டுரையையே ஒரு சொல் மாறாமல் எழுதினாள். பக்கத்து வரிசையில் டிலக்ஷன் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். அவனை நினைத்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. ஒரே மண்டபத்தில் ஆறு பேரின் கட்டுரை சொல்லுக்குச் சொல் ஒன்று. பெறுபேறு ரத்து. ஒரு வருடத்துக்குப் பரீட்சை எழுத முடியாது.

மாஸ்டர் கடிதத்தை நின்றபடியே வாசித்தார்.

“எல்லாருக்கும் குடுத்தனீங்களோ?”

“ஒரு பிழை இல்லாத கட்டுரை, பிள்ளை.”

“அது என்ரை அண்ணை, மாஸ்டர்.”

அவர் கதிரையில் உட்கார்ந்தார். “நீர்தான் எழுதினதெண்டு கடிதம் தாறன்,” என்றார். அன்றே கொடுத்தார்.

பரீட்சை அலுவலகம் பதில் போட்டது. சம்பவம் அவளுடையதுதான் என்பதற்கு ஆதாரம் காட்டினால் மறுபடி பரிசீலிப்பார்கள். சகோதரனின் மரணச் சான்றிதழ் போதும். பதினான்கு நாள் தவணை.

சான்றிதழ் இல்லை. அம்மா எடுக்கவில்லை. ஊரில் காணாமல் போனவர்களைத் தேடும் போராட்டப் பந்தலில் அண்ணனின் படத்தோடு பதினைந்து வருடமாக இருக்கிறாள். சனத்துக்குள் கை விட்டுப்போனது என்று துஷாந்தினி சொன்னதை நம்பித்தான் இருக்கிறாள்.

வேலைக்குப் போகுமுன் துஷாந்தினி அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். அங்கே பின்னேரம்.

“அம்மா, ஒரு விசயம் கதைக்கவேணும்.”

“நானும் உனக்கு எடுக்க இருந்தனான். பந்தலிலை ஒரு மனிசி சொன்னது, தெற்கிலை ஒரு ஆமிக் காம்பிலை இன்னும் ஆக்கள் இருக்கினமாம். அண்ணையின்ரை உயரத்திலை ஒருத்தனாம். தலை நரைச்சுப்போச்சாம்.”

துஷாந்தினி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“கேக்குதே, பிள்ளை?”

“கேக்குதம்மா.”

“நீ என்ன சொல்ல வந்தனீ?”

“இஞ்சை சரியான குளிர்,” என்றாள். “அதுதான்.”

“தலையை மூடிக்கொண்டு போ,” என்றாள் அம்மா.