இருமல் எந்த வசனத்தில் இருக்கிறது?

1

“மணியா? வீட்டுக்குள்ள மணியா? இது வீடா, ரயில்வே ஸ்டேஷனா?”

“கத்தாதே. எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும். ஆண்டவரே நாளுக்கு ஒரு வேலைன்னு டைம்டேபிள் போட்டுத்தான் உலகத்தைப் படைச்சாரு.”

“ஏழாம் நாள் லீவு விட்டாரே, அது உங்க கண்ணுல படலையா? நீங்க ஞாயித்துக்கிழமை சபைக்குப் போய்ட்டு வந்த கையோட டெஸ்ட்டு வைக்கிறீங்க!”

“சரிம்மா, நீ எப்படிச் சொல்லித் தரப்போறே? மரத்தடியில உக்கார வெச்சுக் கதை சொல்லியா?”

“ஆமா. அந்த ஆண்டவரே கதை சொல்லித்தான் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தாரு. கையில சாக்பீஸா வெச்சிருந்தாரு?”

இந்தக் கதை எனக்கு இப்படித்தான் கிடைத்தது, சுவர் வழியாக. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? என் சமையலறைக்கும் பக்கத்து வீட்டு முன்னறைக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். ஒட்டுக்கேட்டேன் என்று சொன்னால் அது அநியாயம். என் காது அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். (சுவரோரம் ஸ்டூலைப் போட்டது யார் என்று கேட்பீர்கள். காய் நறுக்க அங்கேதான் வெளிச்சம்.)

மணி வாங்கி வந்தவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கத்தியவள் அவர் மனைவி. பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்து, மகளுக்காக வேலையை விட்டவள். வருகிறவர்களையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியதால் தன் வாயை மூடும் பழக்கம் அவளுக்கு வரவில்லை. மகளுக்கு எட்டு வயது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் மாடி முழுக்க அவளை மைனா என்றுதான் கூப்பிட்டோம்.

2

முதலில் இதை இப்படி ஆரம்பித்திருந்தேன்: ‘காலைக் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி’

வேண்டாம். அன்று மேகமூட்டம்.

பிறகு இப்படி: ‘கல்வி என்பது யாதெனில்’

இதற்குமேல் எழுதினால் நீங்களே எழுந்து காபி போடப் போய்விடுவீர்கள்.

உண்மையான ஆரம்பம் அவ்வளவு அழகானது இல்லை. மைனாவுக்கு வாசிக்க வரவில்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள், அவள் நிற்பாள், மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்வரை நிற்பாள். கொஞ்ச நாளில் சீருடையைக் கண்டாலே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். பெற்றவர்கள் ஜெபம் பண்ணினார்கள், அழுதார்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். அதுவரை இருவரும் ஒற்றுமை.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் வந்தது வினை. அவர்கள் சபையில் இன்னும் சில குடும்பங்களும் இப்படி வீட்டுப் பாடம் நடத்தின. ஒரு குடும்பம், பெட்டி பெட்டியாகப் பாடப்புத்தகம் வாங்கு என்றது. இன்னொன்று, பிள்ளைக்கு எது பிடிக்கிறதோ அதன் பின்னால் போ, ஆண்டவர் நடத்துவார் என்றது. மற்றொன்று, எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ண வை, அர்த்தம் பிறகு தானாக வரும் என்றது. இவர்கள் புடவைக் கடைக்குப் போன கூட்டம் மாதிரி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, எதையும் எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட்காரரின் அக்கா வந்து இறங்கினாள். வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டன். கல்யாணம் ஆகாதவள். அவள் குரலுக்குச் சுவரே தேவையில்லை.

“லீவு முடியறதுக்குள்ள பிள்ளை என் எதிர்ல ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டணும். இல்லேன்னா ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். வீட்டுல வெச்சுப் பாழாக்க விடமாட்டேன்.”

“சரி பெரியக்கா” என்றார் தம்பி.

அந்த ‘சரி’தான் நெருப்பு. “யாரைக் கேட்டு சரி சொன்னீங்க?” என்று மனைவி அன்று ஆரம்பித்தது, விடுமுறை முழுக்க ஓயவில்லை.

3

இனி முறைகளை வரிசையாகச் சொல்ல வேண்டும். (வரிசையாகச் சொன்னால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது. கலைத்துச் சொல்கிறேன்.)

லிஃப்ட்காரர் வேலைக்குப் போகுமுன் மணி அடிப்பார். கரும்பலகை, சின்ன மேசை, வருகைப்பதிவு எல்லாம் உண்டு. வகுப்பில் இருப்பது ஒரே பிள்ளை. அதற்கும் பெயர் கூப்பிடுவார்.

“ஆஜர்” என்பாள் மைனா.

“வராம எங்க போவா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அவர் படியிறங்கியதும் மணி அலமாரிக்குள் போய்விடும். தாயும் மகளும் பூங்காவுக்குப் போவார்கள், இலை பொறுக்குவார்கள், திரும்பி வந்து தாய் ஒரு கதை சொல்ல, மகள் அதைத் திருப்பிச் சொல்வாள். சொல்வாள் என்றா எழுதினேன்? நடத்திக்காட்டுவாள். கிழவன் வந்தால் கிழவன் குரல், ஆடு வந்தால் ஆடு. என் அடுப்பில் பால் பொங்கியது எத்தனை தடவை! ஆனால் அதே கதையைப் புத்தகத்தில் விரித்துக் காட்டினால் போதும், அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அந்த அமைதியை என்னால் எழுத முடியவில்லை. எழுதிப் பார்த்த வாக்கியம் இது: ‘எழுத்துகள் அவளுக்கு எறும்புகளாக’

போதும்.

சாயங்காலம் குடும்ப ஜெபம். நான் அவர்கள் சபை இல்லை. ஆனாலும் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து தவறாமல் கலந்துகொண்டேன். முதலில் பாட்டு, தாய் சுருதி விலகுவாள், மகள் இழுத்துக்கொண்டு வந்து சேர்ப்பாள். பிறகு லிஃப்ட்காரர் வேதம் வாசிப்பார். நிதானமான, கனமான குரல். நடுநடுவே ஒரு இருமல். லிஃப்ட் குழிக்குள் தூசியில் நிற்கிறவர், பாவம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் குழாயைக்கூடத் திறக்கமாட்டேன். இப்போது என் வீட்டில் எந்தக் குழாயையும் எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். யாருக்கு என்ன?

4

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லிஃப்ட்காரரைத்தான் சொல்கிறேன்.

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். ‘கல்நெஞ்சக்காரர்’ என்று ஒரு சொல்கூடப் போட்டிருந்தேன். மணி அடிக்கிறவன், அக்காவுக்குப் பயந்தவன், கதைக்கு வசதியானவன். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. படி ஏறி வருகிறேன். லிஃப்ட் கதவோரம் இவர் நிற்கிறார். கையில் வேதப்புத்தகம். வரிக்கு அடியில் விரல். உதடு அசைகிறது. அன்றைய ஜெபத்துக்கு வாசிக்க வேண்டிய பகுதியை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறார். என்னைக் கண்டதும் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“லிஃப்ட் ஓடுதான்னு பார்த்தேன்கா.”

“அது நாம குடிவந்ததுலேர்ந்தே ஓடலையே தம்பி.”

“ஆமால்ல” என்று சிரித்தார். லிஃப்ட்காரர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது என்பது எங்கள் மாடியில் நிரந்தரமான ஜோக். அன்று நானும் அந்த ஜோக்கோடு நின்றுவிட்டேன். விரலைப் பற்றி யோசிக்கவில்லை. கல்நெஞ்சக்காரர் என்ற சொல்லை இப்போது அடித்துவிடுகிறேன்.

5

விடுமுறை முடியப்போகிற சமயம் அத்தை மறுபடி வந்தாள். பிள்ளைக்கென்று ஒரு காலிப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். நான் இரவல் வாங்கிய கரண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். (அந்தக் கரண்டி எப்போது இரவல் வாங்கியது என்று அவர்களும் கேட்கவில்லை.)

“எதை வாசிக்கப் போறே?” என்றாள் அத்தை.

மைனா தானாகவே வேதப்புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைத் திறந்தாள். வம்சவரலாறு. பெயர், பெயர், பெயராக வருகிற இடம். பெரியவர்களே மெதுவாகத் தாண்டிப் போகிற அதிகாரம். அத்தையின் புருவம் ஏறியது.

வாசித்தாள் பாருங்கள், தண்ணீர் மாதிரி! விரல் வரியில் ஓட, ஒவ்வொரு பெயரும் மணிமணியாக விழுந்தது. தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கதை சொல்லும் முறை ஜெயித்ததாக அவளுக்கு நினைப்பு. லிஃப்ட்காரர் கரும்பலகையைப் பெருமையாகப் பார்த்தார். ஒரு இடத்தில் மைனா கனமாக, ஆண்பிள்ளை மாதிரி இருமினாள். மேலே வாசித்தாள்.

“நில்லு” என்றாள் அத்தை. “நடுவுல ரெண்டு பேரைக் காணோம்.”

“யாரை அத்தை?”

“இதோ இருக்காங்க பாரு, அச்சடிச்சு.”

மைனா உற்றுப் பார்த்தாள். “அங்க யாரும் இல்ல அத்தை. அங்க இருமல்தான்.”

“இருமல் எந்த வசனத்துலடி இருக்கு?”

மனைவி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“அந்தப் பேரு ரெண்டும் எனக்கு வாயில நுழையாது பெரியக்கா. அதான்…”

“கல்யாணம் ஆனதுலேர்ந்தா?” என்றாள் மனைவி.

“அதுக்கு முன்னாடியும்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கு வரவில்லை. அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கத்தாமல், நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்: “நீயும் இப்படித்தான்டா. நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுட்டுப் போய் ஸ்கூல்ல ஒப்பிப்பே. கெட்டிக்காரன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லல. பரீட்சைப் பேப்பரை உனக்கு யாருடா வாசிச்சுக் காட்டுவா? மூணு தடவை உட்கார்ந்து எழுந்து வந்தே. இவளையும் அப்படி விடச் சொல்றியா?”

மைனா அப்பாவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள். “நான் போகல” என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை.

“இல்ல அண்ணி” என்றாள் தாய். “காதுல இருக்குல்ல, போதும். மிச்சத்தைப் பார்த்துக்கலாம். வாங்க, ரெண்டு பேரும் இப்படி உக்காருங்க.” பிறகு என்னைப் பார்த்து, “அக்கா, கரண்டியை வெச்சுட்டுக் கிளம்புங்க.”

கதவு சாத்தப்பட்டது. என் வாழ்க்கையில் என் முகத்துக்கு நேரே சாத்தப்பட்ட கதவுகளிலேயே அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

6

ஆகவே கதையின் முக்கியமான இடத்தில் கதாசிரியை வெளியே நிற்கிறாள். உள்ளே என்ன நடந்தது?

முடிவு ஒன்று: ‘அழுதழுது வீங்கிய முகத்தோடு மைனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு’ – இப்படி முடித்தால் உங்களுக்குக் கண்ணீர் வரும், எனக்குத் தூக்கம் வராது.

முடிவு இரண்டு: அத்தை மனம் திருந்தித் தம்பியைக் கட்டிக்கொண்டு… அவளை நீங்கள் பார்த்ததில்லை. அவள் ஒரு தலையணையைக்கூடக் கட்டிக்கொள்கிற ரகம் இல்லை.

ஓடி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவளுக்குச் சுவர் கொடுத்தது இவ்வளவுதான். பிள்ளையின் குரலில் ஒரு எழுத்து. ஆண்குரலில் அடுத்த எழுத்து. தப்பு. மறுபடி முதலிலிருந்து. தாய், “அவசரமில்ல, அவங்க எங்கயும் போகமாட்டாங்க” என்றாள். இருவரும் சேர்ந்து ஒரு பெயரை முட்டி மோதி முழுதாகச் சொன்னார்கள். வெகுநேரம் கழித்து இரண்டாவது. பிறகு பெண்குரலில் ஏதோ ஒன்று. சிரிப்பா, அழுகையா, தாயா, அத்தையா – சுவர் அந்த அளவுக்கு மெல்லியது இல்லை.

மறுநாள் அத்தை தனியாகப் படியிறங்கினாள். பெட்டி காலியாகவே இருந்தது. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன விதத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்து நின்று, “அந்தக் கரண்டி அவங்களோடது இல்லையாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு சாயங்கால ஜெபத்தில் வாசிப்பு இரட்டைக் குரலில் நடந்தது. கேட்கப் பொறுமை வேண்டும். நாலு வரிக்கு என் குழம்பே கொதித்து முடிந்துவிடும். இது மணி அடிக்கிற முறையும் இல்லை, மரத்தடி முறையும் இல்லை. தாயிடம் கேட்டேன், “இதுக்கு என்ன பேரும்மா?”

“பேருங்களைப் பார்த்தாலே அவரு இருமுவாரு அக்கா. இதுக்கு வேற ஒண்ணு வைக்கணுமா?”

7

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்காக இது.

அத்தை ஓய்வுபெற்ற வருஷம் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை, சபையில் ஆர்கன் வாசிக்கும், மனைவியை இழந்த ஒருவர். ஹாஸ்டல் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்களாம். எனக்கு அழைப்பு வரவில்லை, தகவல் வந்தது.

லிஃப்ட்காரர் குடும்பம் வேறு ஊருக்கு மாறிப் போனது. சாமான் ஏற்றிய அன்று நான் கீழே இறங்கவில்லை. மூட்டுவலி என்று சொல்லியனுப்பினேன். அப்படியே இருக்கட்டும்.

மைனா பெரியவளாகி, மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு இன்னும் தூரம் போனாள். ஒரு பெண் குழந்தை. போன மாதம் தாய் ஃபோன் பண்ணினாள்.

“மைனா பொண்ணை ஸ்கூல்ல சேர்த்துட்டா அக்கா. சாதாரண ஸ்கூல்தான். மணி அடிக்கிற ஸ்கூல்.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“நான் ஏன் சொல்றேன். நாங்க போயிருந்தோம். இவருதான் முதல் நாள், பிள்ளையை உள்ளே அனுப்பினதுலேர்ந்து ஸ்கூல் விடற வரைக்கும் அந்தக் கேட் கிட்டயே நின்னாரு. வீட்டுக்கு வாங்கன்னாலும் வரல.”

எதற்காக நின்றார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நானே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்தால் இந்த இடத்தில் எழுதிக்கொள்ளலாம், இடம் விட்டிருக்கிறேன்.