சுட்ட மாங்காய் டிரெஸ்ஸிங்

திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் காத்தூன் கம்பெனிக்குள் போனாள். எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். உள்பக்கம் செக்யூரிட்டி பூட்டுப் போட்டான். வெளிப்பக்கம் தொழிலாளர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஏப்ரல் கடைசி. ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்கிற கம்பெனி அது. சனிக்கிழமை சாயங்காலம் நாற்பத்திரண்டு காண்ட்ராக்ட் ஆட்களை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார்கள். அதில் காத்தூனின் தம்பி சமியுல்லாவும் ஒருவன். திங்கட்கிழமை ஏதாவது நடக்கும் என்று அவளிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் அக்கா பயந்துகொண்டு தடுப்பாள் என்று நினைத்திருப்பான்.

காத்தூனுக்கு வேலை பின்பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸில். ஜெனரல் மேனேஜர் அசோக்குமார் வாரத்தில் ஐந்து நாள் அங்கேதான் தங்குவார். குடும்பம் சென்னையில். மூன்று வருஷமாக அவருக்கு அவள்தான் சமையல். பகல் மூன்று மணிக்கு வேலையை முடித்துவிட்டு ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடுவாள்.

அன்றைக்கும் மூன்று மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். ஹெச்.ஆரில் இருக்கும் சுபாஷ் ஓடி வந்து மறித்தான்.

"இன்னைக்கு ஒரு நாள் இருந்துடுங்கக்கா. வெளிய ஒரே ரகளையா இருக்கு. சார் உடம்பு நிலைமை உங்களுக்கே தெரியும்."

ஒரு நாள்தானே என்று இருந்தாள். மறுநாளும் அதையே சொன்னான். மூன்றாம் நாள், உள்ளே இருப்பவர்கள் யாரையும் வெளியே விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு என்றான். புருஷன் முனீர் அகமது மாங்காய் சீசனுக்குக் கிருஷ்ணகிரி மண்டியில் கிடந்தான். மகள் ஃபிசா பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டாள்.

அசோக்குமாருக்குப் பிப்ரவரியில் நெஞ்சுவலி வந்து இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நூற்று நாலு கிலோ. பதினைந்து கிலோ குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மதியமும் ராத்திரியும் ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய்கறி. எண்ணெய் கூடாது, தேங்காய் கூடாது. வெறும் வெள்ளரிக்காயும் கோஸும் அவருக்குத் தொண்டையில் இறங்காது. அதற்காகவே டிரைவர் பெங்களூர் கடையிலிருந்து கொழுப்புக் குறைந்த டிரெஸ்ஸிங் பாட்டில் வாங்கி வருவான். மேலே இரண்டு ஸ்பூன் ஊற்றிக் கிளறிக்கொண்டு எப்படியோ சாப்பிட்டுவிடுவார். செவ்வாய்க்கிழமை பாட்டில் காலி. டிரைவர் கேட்டுக்கு வெளியே.

அன்று மத்தியானம் காத்தூன் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்பும் மிளகும் போட்டுக் கொடுத்தாள். அவர் இரண்டு வாய் மென்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"ஆட்டுக்குப் போடற தழையாட்டம் இருக்கு."

சென்னையிலிருந்து அவர் மனைவி போன் செய்தாள். "காத்தூன், நீங்கதான் பார்த்துக்கணும். அரிசிச் சோறு கேட்டா போட்டுடாதீங்க. நெட்ல பார்த்து ஃபேக்ஸ் அனுப்பறேன்."

ஃபேக்ஸ் வந்தது. இரண்டு தாள் நிறைய இங்கிலீஷ். சுபாஷ் சமையல்கட்டில் நின்றுகொண்டு படித்துச் சொன்னான். ஆலிவ் ஆயில், பால்சாமிக் வினிகர், கொழுப்பு நீக்கின மயோனைஸ். காத்தூன் ஒவ்வொன்றுக்கும் "அது இல்ல, அதுவும் இல்ல" என்றாள். பால் வண்டியையும் காய்கறி வண்டியையும் மட்டும்தான் சங்கத்துக்காரர்கள் உள்ளே விட்டார்கள்.

புதன்கிழமை பாலைக் காய்ச்சி, ஆடையை எடுத்துவிட்டு உறை ஊற்றினாள். வியாழக்கிழமை அந்தத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். தண்ணீர் வடிந்து கெட்டியானதும் வறுத்த சீரகமும் புதினாவும் அரைத்துக் கலந்தாள். அவர் பாதித் தட்டு சாப்பிட்டார். "பரவால்ல. ஆனா பச்சடிதானே இது" என்றார். அன்று சாயங்காலம் பசியில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். காபி கொண்டுபோனபோது சுபாஷிடம் சொல்லிக்கொண்டிருந்தது காத்தூன் காதில் விழுந்தது.

"இந்தப் புல்லைத் தின்னுக்கிட்டு எத்தனை நாள்யா இங்க கிடக்கறது? பேசாம அவங்களைக் கூப்பிட்டுப் பேசி முடிச்சிடலாமா?"

காத்தூன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அவர் சாப்பிடாததுதான் மனதில் உறுத்தியது. ஒரு மனுஷன் தன் சமையலைத் தள்ளிவைத்தால் அவளுக்குத் தாங்காது. வெள்ளிக்கிழமை காலை சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தில் நாலு மாங்காய் பறித்தாள். அடுப்புத் தணலில் நேராகப் போட்டுத் தோல் கருகும்வரை புரட்டிச் சுட்டாள். கூடவே ஐந்தாறு பூண்டுப் பல்லையும் ஒரு பச்சை மிளகாயையும் சுட்டாள். கடுகைத் தண்ணீர் விட்டு நைசாக அரைத்தாள். அந்தக் காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மாங்காய்ச் சதையை வழித்து எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, கட்டித் தயிர் இரண்டு கரண்டி போட்டு அடித்தாள். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். புளிப்பு, அதன் பின்னால் புகை வாசம், கடைசியில் கடுகின் சுருக்கென்ற காரம். தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். ஐந்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

அசோக்குமார் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இன்னொரு தட்டு கேட்டார்.

"காத்தூன்மா, பாட்டிலெல்லாம் இதுகிட்ட நிக்க முடியாது!"

ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். காத்தூன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு பிரச்சனையும் இல்ல சார். சாப்பாடு பிரமாதமா நடக்குது. ஒரு மாசமானாலும் உள்ள இருப்பேன். அவங்க எத்தனை நாள் வெயில்ல கிடப்பாங்க? தானா எழுந்து போவாங்க."

காத்தூனின் கை நின்றுவிட்டது.

அன்று மதியம் பந்தல் ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்தார்கள். மூன்று பேர் உண்ணாவிரதம் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றாவது பெயர் சமியுல்லா. காத்தூன் அப்போது வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடினாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பந்தல் துணி தெரிந்தது, அதற்கு வெளியே நீட்டியிருந்த ஆட்களின் கால்கள் தெரிந்தன. எது தம்பியின் கால் என்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள். ஃபிசா எடுத்தாள்.

"மாமா ரொம்பக் கோவமா இருக்காரும்மா. உள்ள சமைச்சுப் போடறது உங்கக்காதானேன்னு எல்லாரும் கேக்கறாங்களாம். கருங்காலின்னு சொல்றாங்களாம். நீ வந்துடும்மா."

"எப்படிடீ வர்றது?" என்றாள் காத்தூன்.

சாயங்காலம் அசோக்குமாரின் அறை வாசலில் போய் நின்றாள். "நான் வீட்டுக்குப் போவணுங்க சார்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உன் பாதுகாப்புக்குத்தான்மா சொல்றேன். இப்ப வெளிய போனா உன்னை அடிச்சிடுவாங்க. அதோட நீ போயிட்டா எனக்கு யார் இருக்கா?" என்று சிரித்தார்.

மறுநாள் வேண்டுமென்றே மாங்காய் இல்லாமல் வெறும் காயைத் தட்டில் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், உடம்பு சரியில்லையா?" ராத்திரிக்கும் அப்படியே வைப்பது என்றுதான் இருந்தாள். அதற்குள் சென்னையிலிருந்து போன் வந்துவிட்டது. "மதியம் ஒண்ணுமே சாப்பிடலையாம். மாத்திரை வேற போட்டிருக்கார். உங்களை நம்பித்தான் அவர் உசிரே இருக்கு காத்தூன்." அந்த அம்மாள் அழுதாள். காத்தூன் மறுபடி மாங்காயைத் தணலில் போட்டாள். உள்ளே ஒருத்தன் சாப்பிட்டால் வெளியே தன் ரத்தம் பட்டினி கிடக்கிறது. உள்ளே அவன் சாப்பிடாவிட்டால் அந்தப் பாவமும் தன் தலையில். தணலைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான்.

ஒன்பதாம் நாள் செவ்வாய்க்கிழமை தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி பேச்சுவார்த்தைக்கு வந்தார். நரைத்த மீசை வைத்தவர், அதிகம் பேசாதவர். மதியச் சாப்பாடு கெஸ்ட் ஹவுஸில். அசோக்குமார் அவருக்கும் அதே தட்டை வைக்கச் சொன்னார். அதிகாரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்ன சார், இவ்வளவு நல்லா இருக்கு?"

"எங்க காத்தூன்மா கண்டுபிடிச்சது. எண்ணெயே கிடையாது" என்றார் அசோக்குமார் பெருமையாக.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "வீடு எங்கம்மா?"

சும்மா மரியாதைக்குக் கேட்டதுதான். காத்தூன் கையிலிருந்த தண்ணீர் ஜக்கை மேஜைமேல் வைத்தாள்.

"ராயக்கோட்டை ரோடுங்க. ஒன்பது நாளா போகலைங்க. போவணும்னு கேட்டேன், விட மாட்டேங்கறாங்க."

அதிகாரி ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"பாதுகாப்புக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார் அசோக்குமார்.

"அந்தம்மா பாதுகாப்பு கேட்டாங்களா?"

அசோக்குமார் காத்தூனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். மூன்று வருஷத்தில் கேட்டதற்குமேல் அவள் ஒரு வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை.

"மொதல்ல அவங்களை அனுப்புங்க. அப்புறம் பேசலாம்" என்றார் அதிகாரி.

கேட்டிலிருந்த வாட்ச்மேன் ராமப்பன் பக்கத்துச் சின்னக் கதவைத் திறப்பதற்கு முன் வெளியே எட்டிப் பார்த்தார். "ஹோகபேடம்மா" என்றார் மெதுவாக, கன்னடத்தில். போகாதே என்கிறார். காத்தூன் தலையைக் குனிந்து வெளியே வந்தாள்.

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் "கருங்காலி!" என்று கத்தினான். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். பேக்கிங் செக்ஷனில் வேலை பார்த்து, நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தியாக நிறுத்தப்பட்ட முனிலட்சுமி வேகமாக வந்து காத்தூனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடைச்சு வச்சிருந்தாங்கடா அவளை. வாயை மூடுங்க!" என்று அவர்களைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"நான் வீட்டுக்குப் போறேன் முனிலட்சுமி. பொண்ணு தனியா இருக்கு."

"இப்ப நேரா வீட்டுக்குப் போனீன்னா, நாளைக்கு மறுபடி உள்ள போயிடுவான்னுதான் பேசுவாங்க. உக்காரு."

காத்தூன் உட்கார்ந்தாள். வெளியே வந்த பிறகும் தன் இஷ்டத்துக்கு ஒரு அடி வைக்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சமியுல்லா கயிற்றுக்கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தான். உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"உங்க சாரு நல்லா சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு."

"எதுக்கு அவ்ளோ நல்லா பண்ணின?"

"கெட்டதா பண்ணிப் பாத்தேன்டா. ஒரு வேளைக்குமேல என்னால முடியல."

அவன் காலை மடக்கிக் கட்டிலில் இடம் விட்டான். அவள் நகர்ந்து அங்கே உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை அசோக்குமார் காரில் சென்னைக்குப் போய்விட்டார். சனிக்கிழமை ஒப்பந்தம் ஆயிற்று. நாற்பத்திரண்டு பேரில் முப்பது பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சமியுல்லாவின் பெயர் இருந்தது. முனிலட்சுமியின் பெயர் இல்லை. கெஸ்ட் ஹவுஸ் சமையலுக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று சுபாஷ் தயங்கித் தயங்கிப் போனில் சொன்னான்.

அடுத்த திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட்டுக்கு சமியுல்லா கிளம்பினான். யூனிஃபார்ம் தொளதொளவென்று தொங்கியது. காத்தூன் டிபன் பாக்ஸை நீட்டினாள். அவன் வாங்காமல் வாசலிலேயே நின்றான்.

"உன்னை வெளிய தள்ளிட்டு என்னை உள்ள எடுத்திருக்கான். நான் போகாம இருக்கட்டுமாக்கா?"

"ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து என்ன பண்றது? போடா, பஸ் வந்துடும்."

அவன் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போனான். ரோட்டு முனையில் கம்பெனி பஸ் நின்று அவனை ஏற்றிக்கொண்டது. காத்தூன் உள்ளே போய் ஃபிசாவை எழுப்பினாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு, சிப்காட் பக்கம் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமையலுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று முனிலட்சுமி சொன்னதை விசாரிக்கக் கிளம்பினாள்.