இடது சக்கரத்து நட்டு

அவள் பல் கட்டுபவள். மருத்துவர்கள் அளவெடுத்துக் கொடுத்தனுப்பும் வாய்களுக்கெல்லாம் தன் பட்டறையில் பல்செட் செய்து, தானே காரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். கார் பழசு. அதன் இடது முன்சக்கரம் ‘டக், டக்’ என்று மறுபடியும் சத்தம் போட ஆரம்பித்த அன்று, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் கொழுந்தனின் மெக்கானிக் ஷெட்டுக்கு வண்டியைத் திருப்பினாள். ஓட்டினாள் என்பதைவிட உருட்டினாள் என்று சொல்லலாம்.

கொழுந்தனுக்குத் தொழில் வட்டாரத்தில் ‘டைட்டு’ என்று பெயர். குடிக்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். சோடா குடிக்கவே யோசிக்கிறவன். அவன் முடுக்கிய நட்டை வேறு யாராலும் கழற்ற முடியாது என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

“வாங்க அண்ணி,” என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். “திரும்பவுமா?”

“திரும்பவும்தான். வளைவுல திரும்பும்போது மட்டும் சத்தம் வருது.”

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆடியது. நடுவிலிருந்த மூடியை நெம்பி எடுத்தான். உள்ளே, சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பை அச்சோடு சேர்த்துப் பிடிக்கிற பெரிய நட்டு. போன தடவை ஸ்பேனரில் நீளமான குழாயை மாட்டி, அதன் மேலேயே ஏறி நின்று முடுக்கியிருந்தான். இப்போது விரலால் திருப்பினான். பாட்டில் மூடி மாதிரி சுற்றியது.

டைட்டு இதுவரை செய்ததையெல்லாம் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். முதல் தடவை வெறுமனே முடுக்கிக் கொடுத்தான். அடுத்த தடவை புது நட்டு. அதற்கடுத்து இன்னொரு புது நட்டும், நட்டு கழலாமல் இருக்க மரையில் தடவுகிற பசையும். பேரிங்கையும் மாற்றியாயிற்று. இனி மாற்ற வேண்டுமென்றால் காரைத்தான் மாற்ற வேண்டும்.

“சக்கரம் கழண்டு ஓடினா என்ன ஆகும் அண்ணி? இந்த வண்டியை இனிமே நீங்க தொடாதீங்க.”

“சரி, தொடலை. ஆனா ஒண்ணு சொல்லு. வலது பக்கம் ஏன் கழலலை?”

“அது கழலாது. நல்லா இருக்கு.”

“அதைத்தான் கேக்குறேன். அதே வண்டி, அதே ரோடு, முடுக்கினதும் அதே கை. அது இருக்கு, இது மட்டும் ஏன் கழலுது?”

சக்கரம் சுற்றுகிற திசை, மரையின் திசை என்று டைட்டு ஏதோ சொல்ல ஆரம்பித்து, அதுவும் சரிப்படாமல் பாதியில் விட்டுவிட்டான்.

அவள் முக்காலியை இழுத்துப்போட்டு ஹப்புக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். “என்கிட்ட ஒரு பெரியவர் வந்தாரு. பல்செட் ஆடுதுன்னாரு. நானும் கம்பியை இறுக்கிக் கொடுத்தேன். திரும்ப வந்தாரு, திரும்ப இறுக்கினேன். கடைசியில பாத்தா கம்பியில ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு பல்லு மட்டும் மத்ததைவிடக் கொஞ்சம் ஒசரம். வாயை மூடினா அது மட்டும்தான் இடிக்கும், மத்தது எதுவும் சேராது. அப்படி இருந்தா எவ்வளவு இறுக்கி என்ன?”

“இது பல்லு இல்லையே அண்ணி. இரும்பு.”

“இடிக்கிறது இடிக்கிறதுதானே.”

கைப்பையிலிருந்து சின்ன அட்டைப் பெட்டி ஒன்றை எடுத்தாள். உள்ளே மெல்லிய நீலக் காகிதங்கள். பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னால், எங்கே படுகிறதோ அங்கே மட்டும் மை ஒட்டும்.

டைட்டுவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கை தானாகவே ஸ்பேனரைத் தேடிப் போயிற்று. நட்டைக் கழற்றி, அதற்கடியில் இருந்த தடித்த வாஷரையும் எடுத்தான். ஹப்பின் முகத்தைத் துணியால் துடைத்தான். அவள் காகிதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, அச்சைச் சுற்றி ஒட்டினாற்போல் வைத்தாள்.

“வாஷர் சுத்தாம பிடிச்சுக்கோ. சுத்தினா மை இழுபட்டுரும். மெதுவா முடுக்கு.”

“மெதுவாவா?”

“உன்னால முடியும். முயற்சி பண்ணு.”

அவன் வாழ்க்கையில் அவ்வளவு மென்மையாக ஒரு நட்டை முடுக்கியதில்லை. மறுபடி கழற்றி வாஷரைத் திருப்பிப் பார்த்தபோது இருவர் தலையும் முட்டிக்கொண்டன. வாஷரின் அகலமான முகத்தில் ஒரு பொட்டு மைகூட இல்லை. துளையின் உள்விளிம்பில் மட்டும், பேனாவால் வரைந்தது போல ஒரு மெல்லிய நீல வளையம்.

“ஹப்புல படவே இல்ல,” என்றான் டைட்டு. குரல் இறங்கியிருந்தது. “வேற எதுமேலயோ உக்காந்திருக்கு.”

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அச்சில் மரை தொடங்குகிற இடத்தில், தடித்த பாகம் சட்டென்று மெலியாமல் லேசாக வளைந்து இறங்கியது. வாஷரின் கூரான விளிம்பு அந்த வளைவின் மேல் ஏறி நின்றிருக்கிறது. முடுக்கிய பலமெல்லாம் அங்கேயே போய்விட்டது. ஹப்பை எதுவும் பிடிக்கவே இல்லை; அது ஆட ஆட நட்டும் கழன்றிருக்கிறது.

“சரி, வலது பக்கம் ஏன் ஏறி நிக்கலை?” என்றாள் அவள், விடாமல்.

அவன் வாஷரின் விளிம்பை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் தடவினான். ஒரு பக்கம் கூர். மறுபக்கம் சரிவாகச் சீவியிருந்தது. எழுந்து போய் வலது சக்கரத்தின் நட்டையும் கழற்றினான். அங்கே சரிவு உள்பக்கம் பார்த்திருந்தது. வளைவுக்கு இடம் விட்டு வாஷர் ஹப்பின் மேல் முழுதாகப் படிந்திருந்தது.

“தலைகீழா போட்டிருக்கு அண்ணி.”

“யாரு போட்டது?”

“வண்டி உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி யாரோ. நான் ஒவ்வொரு தடவையும் எப்படி எடுத்தேனோ அப்படியே போட்டிருக்கேன். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே அப்படித்தான் சொல்லிக் கொடுப்பாங்க. எடுத்த மாதிரியே போடணும், மாத்திப் போடக்கூடாதுன்னு.” அவன் வாஷரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். “தப்பையும் பத்திரமா அப்படியே திரும்பப் போட்டிருக்கேன்.”

“நீ ஒழுங்கா வேலை பாக்குறவன். அதான் பிரச்சினை,” என்றாள். அவனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

விளிம்பு நசுங்கிப்போயிருந்ததால் புது வாஷர் எடுத்தான். சரிவை உள்பக்கம் வைத்து, மறுபடியும் நீலக் காகிதம் வைத்துப் பார்த்தார்கள். இந்தத் தடவை முகம் முழுக்க மை. காகிதத்தை எடுத்துத் துடைத்துவிட்டு, புது நட்டைப் போட்டுத் தன் பெயருக்குத் தகுந்தபடி முடுக்கினான். நட்டிலிருந்து அச்சுவரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்தான். நட்டு அசைந்தால் கோடு உடையும்.

குண்டும் குழியுமான தெருவாகப் பார்த்து இருவரும் ஓட்டிவிட்டு வந்தார்கள். வளைவுகளில் அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காதைக் கொடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் அவள் வேலை முடிந்து போகிற வழியில் ஷெட்டில் நிறுத்த, இருவரும் மூடியை எடுத்துப் பார்த்தார்கள். கோடு நேராகவே இருந்தது.

அப்படி ஒரு நாள் டைட்டு கேட்டான்: “அண்ணி, அந்தக் காகிதம் ஒண்ணு இருக்குமா?”

“எந்த வண்டிக்கு?”

“வண்டிக்கு இல்ல.” காகிதத்தை வாங்கித் தன் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தான். ஷெட் வாசலில் நின்றிருந்த ஒரு பைக்கின் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தான். வலது பக்கப் பற்களில் நீலம் திட்டுத்திட்டாக இருந்தது. இடது பக்கம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

“அப்ப இத்தனை வருஷமா நான் ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருக்கேனா?”

அவள் டார்ச்சை எடுத்தாள். “இங்க வந்து உக்காரு. ஏன்னு பாப்போம்.”