மகாராணியிடம் சொன்னது

அந்த வெள்ளைப் பூனைக்கு மகாராணி என்று பெயர் வைத்தவள் அவள்தான். தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத திமிருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவளுக்குப் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர் வேலை. அவள் குரல் கேட்டால் ஊரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். வீட்டில் ஒரு பூனை காதைக்கூட அசைக்காது. "என் பொழைப்பே குரல்தான். இது என்னை மதிக்குதா பாரு" என்று அலுத்துக்கொள்வாள்.

ஆனால் மடிக்கு வந்துவிட்டால் மகாராணியே வேறு. அவள் பேசத் தொடங்கியதும் மெல்ல மேலே ஏறித் தொண்டையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடும். அவள் நிறுத்தினால் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும். இப்படிக் கேட்க ஓர் உயிர் வாய்த்தால் யார்தான் மனதைத் திறக்க மாட்டார்கள்?

மகள் இறந்துபோன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்றால் ‘சாப்பிட வாங்க’, ‘கதவைச் சாத்து’, அவ்வளவுதான். கணவர் தச்சர். சமையலறைக்கு அடுத்த அறைதான் பட்டறை. நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. பகலெல்லாம் மரம் அறுக்கும் இயந்திரம் காதைத் துளைக்கும். மாலையில் அவள் வேலை முடிந்து வந்து அடுப்படியில் உட்காரும் நேரத்தில் ஓய்ந்துவிடும். பிறகு அவளும் பூனையும்தான்.

சொன்னதெல்லாம் ஒரே விஷயம். அன்று காலை மகள் தலை வலிக்கிறது என்றாள். முந்தின வாரமும் இதையே சொல்லி லீவு போட்டுவிட்டு வீட்டில் ஆட்டம் போட்டவள். "சாக்கு சொல்லாத, கிளம்பு" என்று பையை மாட்டி அனுப்பினாள். பள்ளியில் மயங்கி விழுந்த பிள்ளை மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. மூளைக்காய்ச்சல் என்றார்கள். இதைக் கணவரிடம் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. சொன்னால் அந்த மனிதர் தன் முகத்தில் விழிப்பாரா? அதனால் பூனையிடம் சொன்னாள், திரும்பத் திரும்ப, அழுது ஓயும்வரை.

மகாராணி ஓயாமல் காதைச் சொறிகிறதே என்று கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனாள். அவர் மருந்து விட்டார். பிறகு ஏதோ சந்தேகப்பட்டு, பூனைக்குப் பின்னால் நின்று இரண்டு எவர்சில்வர் தட்டுகளை மோதினார். திடுக்கிட்டவள் அவள் மட்டுமே.

"இதுக்குப் பிறவியிலேயே காது கேட்காதும்மா."

"நான் பேசினா தலையைச் சாய்ச்சுக் கேட்குமே டாக்டர்?"

"பேசறப்ப தொண்டை அதிரும்ல. அது பிடிச்சிருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொட்டித் தீர்த்ததாக நினைத்தது எதுவும் ஒருவர் காதிலும் விழவில்லை.

அதன் பிறகு அடுப்படியில் அவள் வாயே திறக்கவில்லை. மகாராணி தொண்டையில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. சில நாள் கழித்து ஒரு மாலை, தச்சர் மரத்தூள் ஒட்டிய சட்டையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏன் பேசவே மாட்டேங்கிற?"

"யார்கிட்ட?"

"மகாராணிகிட்ட."

"அதுக்குக் காது கேட்காதாம். டாக்டர் சொல்லிட்டார்."

"தெரியும். மெஷின் போட்டா தெருவே காதைப் பொத்திக்குது, இது பக்கத்துலயே படுத்துத் தூங்குது. வந்த அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பேசறதை நிறுத்திடுவியே."

அவள் பலகைத் தடுப்பைப் பார்த்தாள். அவள் வந்து உட்கார்ந்ததும் இயந்திரம் ஏன் ஓய்ந்தது என்று அப்போதுதான் உறைத்தது. கோபம் வந்தது.

"எல்லாத்தையும் கேட்டுட்டு, நான் அழறதையும் கேட்டுட்டு, அந்தப் பக்கம் சும்மாவா இருந்தீங்க?"

அவர் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அவ கிளம்பறப்ப பட்டறைக்கு வந்தா. 'நிஜமாவே வலிக்குதுப்பா, அம்மாகிட்ட நீங்க சொல்லுங்கப்பா'ன்னு கத்திச் சொன்னா. நான் மெஷினைக்கூட நிறுத்தல. போயிட்டு வான்னு கையை ஆட்டினேன்." அவர் அந்தக் கையையே பார்த்தார். "உனக்காவது ஒரு பூனை இருந்துச்சு."

அவள் நகர்ந்து வந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"என்கிட்டச் சொல்லுங்க" என்றாள்.