வரம்புகள் இருந்த இடத்தில்

சனிக்கிழமை காலை அச்செடுப்பதற்காக நதீரா அந்த வரைபடத்தைத் திறந்தபோது வயல்களைக் காணவில்லை. படத்தின் ஓரச் சட்டம் இருந்தது, தலைப்பு இருந்தது, வடக்கைக் காட்டும் அம்பு இருந்தது. நாற்பத்தொரு குடும்பங்களின் பெயர்கள் கறுப்புத் திரையில் பிடிமானமில்லாமல் தொங்கின. வரம்புகளும் வாய்க்காலும் ஓடவேண்டிய நடுவிடத்தில் கணினி தானாகவே ஒரு வரியை எழுதி வைத்திருந்தது: எஃப் டிரைவ், கேதீஸ், வட்டை58.

திங்கட்கிழமை காணி விசாரணை. தொண்ணூறில் அந்தக் குடும்பங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு விட்டு ஓடி வந்த வயல்கள். எட்டு வருடத்தில் காடேறி, எது வரம்பு எது மேடு என்று வெட்டினவனுக்கே அடையாளம் தெரியாமல் கிடந்தன. அந்த வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானை பக்கீர் முகைதீன் இந்தப் படத்தை விரித்துக் காட்டாவிட்டால் அது வெறும் காடு என்றே எழுதப்பட்டுப் போகும்.

கல்முனையில் அந்த வரைபடக் கந்தோரில் இரண்டே கணினிகள். இரண்டையும் ஒரு வயரால் தொடுத்திருந்தார்கள். விதானை கொண்டுவந்த ஐம்பத்தெட்டாம் ஆண்டு அளவைத் தாளைப் பார்த்து, கேதீஸ்வரன் நான்கு மாதமாகத் தன் கணினியில் வயல்களை வரைந்தான். பெயர்களையும் இலக்கங்களையும் நதீரா தன் கணினியில் போட்டாள். வயல்கள் அவளுடைய கோப்புக்குள் இருக்கவில்லை. கண்ணாடியில் முகம் தெரிவதுபோல, அவனுடைய கோப்பு இவளுடைய படத்தில் தெரியும், அவ்வளவுதான். அவன் அங்கே ஒரு வரம்பை அசைத்தால் இங்கேயும் அசையும்.

எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தானாக விழும்படி அவள் ஒரு சின்னக் கட்டளையும் எழுதியிருந்தாள். புத்தகம் பார்த்து, இரண்டு வாரம் மண்டையை உடைத்து எழுதியது. கேதீஸ்வரன் சிரித்தான்.

"விலாசம் எழுத இவ்வளவு ஆசையெண்டா நீ தபால் கந்தோரில சேர்ந்திருக்கலாம் புள்ள."

மாசி மாதத்தில் அவனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள். மறுநாள் ஆட்கள் வந்து அவனுடைய கணினியையும் ஏற்றினார்கள். யார், எங்கே என்று கந்தோர் முதலாளி கேட்கவில்லை. கேட்கிற காலமா அது?

அன்றைக்கும் நதீரா வயலை நினைத்துக் கலங்கவில்லை. வியாழன் தோறும் பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்னால் தன் படத்தைப் பிளொப்பியில் பதிந்து, பொலித்தீனில் சுற்றி, பிஸ்கட் தகரத்துக்குள் வைப்பாள். கேதீஸ்வரன் வரைந்த நான்கு மாதமும் ஒரு வியாழன் தப்பியதில்லை; வயல்களும் அதற்குள் இருக்கின்றன என்றே நினைத்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். முதலாவதில் வயல் இல்லை, அந்த வரி மட்டும். ஐந்தாவதிலும் அந்த வரி. பதினேழாவதிலும் அதே வரிதான். பதினேழு வியாழக்கிழமை அவள் பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம் விலாசத்தை மட்டும்தான்.

பழைய தாளாவது இருக்குமா என்றால் அதுவும் இல்லை. போன மாரியில் தாளைக் கறையான் பிடிக்கிறது என்று விதானை வந்து சொன்னபோது, "கடுதாசிக்கு ஏன் மாமா கவலப்படுறீங்க, எல்லாம் கம்பியூட்டருக்குள்ள கிடக்கு" என்று சொன்னவள் அவள்தான். அவர் நம்பினார். தாளைக் கறையானுக்கே விட்டுவிட்டார்.

பாண்டிருப்புக்கு, கேதீஸ்வரனின் வீட்டுக்கு நடந்தே போனாள். வீட்டில் ஒரு பிரதியாவது வைத்திருப்பான் என்ற நினைப்பு. படலைச் சத்தம் கேட்டு, கேதீஸ்வரனின் மனைவி தர்சினி அரிசி கழுவின கையோடு ஓடி வந்தாள்.

"என்ன நதீரா? ஏதும் தெரிஞ்சதா?"

வந்த விடயத்தை எப்படிச் சொல்வது, சொல்லுங்கள். நதீரா நிலத்தைப் பார்த்தாள்.

"இல்லக்கா. நான் வேற ஒண்டு கேக்க வந்தன். அவர் பிளொப்பி ஏதும் வீட்ட வச்சிருந்தாரா?"

தர்சினியின் முகம் மெல்ல மெல்ல வடிந்தது. "வீட்டயும் பார்த்திட்டுத்தான் போனவங்க. புள்ளைர பாட்டுக் கசற்றயும் விடல்ல."

சொல்லாமல் திரும்ப மனம் வரவில்லை. நதீரா வயல்களின் கதையைச் சொன்னாள். தர்சினி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதி விழுந்த அந்த வரிக்கு வந்ததும் அவளுடைய கண் திடீரென்று கூர்மையானது.

"அப்ப அந்த மெசின் எங்க கிடக்கெண்டு உங்கட படம் சொல்லுதா? மெசின் கிடக்கிற இடத்தில அவரும் இருப்பார்தானே?"

"இல்லக்கா" என்றாள் நதீரா. "அது எங்க இருந்ததெண்டுதான் சொல்லும்."

தர்சினி தலையாட்டினாள். பிறகு, வந்தவளை வெறுமனே அனுப்பக்கூடாதே என்பதுபோல, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள். குடித்தாள்.

அவள் திரும்பி வந்தபோது கந்தோர் வாசலில் பக்கீர் முகைதீன் நின்றார். கூட நான்கு விவசாயிகள், பெருநாளுக்குப் போல வெளுத்த சாரன் உடுத்தி. விதானையின் தோளில் ஒரு வெள்ளைத் தண்ணிக் குழாய்.

"வா மகள். பஸ்ஸில சனம் மிதிச்சாலும் மழை பேஞ்சாலும் படத்துக்கு ஒண்டும் ஆகாது. சுருட்டி உள்ளுக்கு வைக்க அளவுக்கு வெட்டிக் கொண்டந்திருக்கன்" என்றார்.

"ராவெல்லாம் குழாய் அறுக்கிற வாளும் கையுமா நிண்டாரு" என்றார் பின்னால் நின்றவர். "பொஞ்சாதிக்கும் இப்பிடி ஒரு வேல செய்திருக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். விதானை குழாயை அவளுடைய இரண்டு கைகளிலும் வைத்தார். இரு முனைக்கும் மூடி செய்திருந்தார். மறுபடி வாங்கி, ஒரு மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே தூசி இருந்துவிடக்கூடாதென்று வாயை வைத்து ஊதினார். பிறகு திறந்த முனையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார்.